32 குறுக்கீடுகள்: ஜான் ஹம்ப்ரிஸின் பேட்டிகளும் நேயர்களின் கோபமும்

1995ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அமைச்சர் ஒருவர் ஒரு வானொலிப் பேட்டியில் விழுந்த குறுக்கீடுகளை எண்ணிச் சொன்னார். பேட்டி கொடுத்தவர் நிதியமைச்சர் கென்னத் கிளார்க். எடுத்தவர் பிபிசி வானொலி 4இன் காலை நிகழ்ச்சியான 'டுடே'யின் ஜான் ஹம்ப்ரிஸ். எண்ணியவர், கருவூலத் துறையில் கிளார்க்குக்கு அடுத்த நிலையில் இருந்த ஜொனதன் எய்ட்கன். கிளார்க் பேசிக்கொண்டிருக்கும்போது ஹம்ப்ரிஸ் 32 முறை இடைமறித்தார் என்றும், இப்படிப் பேட்டி எடுப்பது ஜனநாயக விவாதம் என்னும் கிணற்றில் நஞ்சு கலப்பது என்றும் எய்ட்கன் குற்றம் சாட்டினார்.

எய்ட்கன் பிற்காலத்தில் நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சி சொன்ன வழக்கில் 1999இல் சிறைக்குப் போனார். அதனால் அவருடைய 32ஐப் பேசத் தகுதியற்ற கணக்காக ஒதுக்கிவிடுவது எளிது. அது சரியான வழியாகாது. எய்ட்கனோடு எந்தத் தொடர்பும் இல்லாத, அவருடைய கட்சிக்கு வாக்களிக்காத, அடுப்பில் தேநீரை வைத்துவிட்டு வானொலியைத் திருகிய எத்தனையோ நேயர்களும் இதே குறையைத்தான் சொன்னார்கள்: "அவரைப் பேச விடுங்கள், பதிலைக் கேட்க விடுங்கள்." அதே அலைவரிசையில், அதே நேரத்தில், வேறு நேயர்கள் "இவர் ஒருவர்தான் அமைச்சர்களை விடாமல் பிடிக்கிறார்" என்று நன்றியோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். 32 ஆண்டுகளுக்கும் மேலாக ஹம்ப்ரிஸ் அந்த நாற்காலியில் இருந்தார். இந்தச் சண்டையும் அவ்வளவு காலம் ஓயவில்லை.

இந்த ஆய்வில் நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒன்றே ஒன்று. குறுக்கே பேசும் பேட்டியாளர் மீது நேயருக்கு வரும் கோபம் எதைப் பற்றியது? மரியாதைக் குறைவைப் பற்றியது என்றுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. பிபிசியும் அப்படியே எடுத்துக்கொண்டது. நான் அப்படி நினைக்கவில்லை. கோபத்தின் அடியில் இருப்பது பதில் கிடைக்காத ஏமாற்றம். பதில் கிடைத்த இடங்களில் அதே நேயர்கள் அதே கடுமையைத் தாங்கிக்கொண்டார்கள், பாராட்டவும் செய்தார்கள்.

களம்

பிபிசி என்றதும் நம்மில் ஒரு தலைமுறைக்கு நினைவுக்கு வருவது சிற்றலையில் இரவு 9.15க்கு வந்த தமிழோசை. 1941இல் தொடங்கி 2017இல் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்ட அந்தச் சேவையின் நிதானமான குரலைக் கேட்டுப் பழகியவர்களுக்கு, அதே நிறுவனம் உள்நாட்டில் நடத்தும் காலைப் பேட்டிகள் அதிர்ச்சியாகவே இருக்கும்.

'டுடே' 1957 அக்டோபர் 28 அன்று தொடங்கியது. ஆரம்பத்தில் அது இலேசான காலைச் சஞ்சிகை. அதன் முதல் புகழ்பெற்ற தொகுப்பாளரான ஜாக் டி மானியோ, நேரத்தைத் தவறாகச் சொல்வதற்குப் பேர் போனவர். மெல்ல மெல்ல அது நாட்டின் அரசியல் நாளைத் தொடங்கிவைக்கும் நிகழ்ச்சியாக மாறியது. வார நாட்களில் காலை 6 மணி முதல் 9 மணி வரை ஓடும். 8 மணிச் செய்தி முடிந்து 8.10க்கு வரும் பேட்டிதான் அன்றைய தலைப்பேட்டி. அமைச்சர் என்ன சொன்னார் என்று மதியச் செய்திகளும் மறுநாள் நாளிதழ்களும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். 2017 வாக்கில் வாரத்துக்கு 70 இலட்சம் பேருக்கு மேல் அதைக் கேட்டார்கள்.

இந்த இடத்துக்கு ஹம்ப்ரிஸ் 1987 ஜனவரியில் வந்து சேர்ந்தார். 1943இல் கார்டிஃபில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதில் பள்ளியை விட்டவர். வேல்ஸில் செய்தியாளராகத் தொடங்கி, 1966இல் ஆபர்வான் என்ற சிற்றூரில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து பள்ளிக் குழந்தைகளைப் புதைத்தபோது அங்கே நின்று செய்தி சொன்னவர். அதிகாரிகளின் அலட்சியம் என்ன செய்யும் என்பதை இளம் வயதில் அருகிலிருந்து பார்த்த மனிதர், பின்னாளில் அதிகாரத்தில் இருப்பவரின் சொல்லை ஒருபோதும் அப்படியே ஏற்காதவராக இருந்ததில் எனக்கு வியப்பில்லை.

அவருக்கு முன் அங்கே பணிவு மட்டுமே இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. 1950களின் நடுப்பகுதி வரை, நாடாளுமன்றத்தில் அடுத்த 14 நாட்களுக்குள் விவாதத்துக்கு வரவிருக்கும் எந்தப் பொருளையும் ஒலிபரப்பில் விவாதிக்கக் கூடாது என்ற விதி இருந்தது. அமைச்சரிடம் கேள்வி கேட்பவர் ஏறக்குறைய குறிப்பெடுக்கும் உதவியாளர் போல நடந்துகொண்டார். ராபின் டே போன்ற தொலைக்காட்சிப் பேட்டியாளர்கள் அந்த நிலையை உடைத்தார்கள். 'டுடே'யிலேயே தொகுப்பாளர் பிரையன் ரெட்ஹெட் இருந்தார். 1987இல் நிதியமைச்சர் நைஜல் லாசன் அவரைப் பார்த்து, நீங்கள் வாழ்நாளெல்லாம் தொழிற்கட்சி ஆதரவாளர்தானே என்பதுபோலச் சொல்லிவிட்டார். நான் யாருக்கு வாக்களிக்கிறேன் என்று தெரிந்ததுபோலப் பேசியதற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்கும்விதமாக ஒரு நிமிடம் மௌனம் காப்போமா என்று ரெட்ஹெட் திருப்பிக் கேட்டார். அமைச்சரைத் திடுக்கிட வைப்பதும் அந்த நிகழ்ச்சிக்குப் புதிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இரண்டு கட்சிகள், ஒரே முறையீடு

1995 தொடக்கத்தில், பிபிசியின் தலைமை இயக்குநர் ஜான் பெர்ட்டே டப்ளினில் ஆற்றிய உரையில், அரசியல்வாதிகளை எள்ளி நகையாடும், அதிகாரத் தோரணை காட்டும் பேட்டியாளர்களைக் கண்டித்தார். பெயர் எதையும் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேட்டவர்கள் ஹம்ப்ரிஸையும், தொலைக்காட்சியில் ஜெரமி பாக்ஸ்மனையும் நினைத்துக்கொண்டார்கள். அப்போது ஆட்சியில் இருந்த பழமைவாதக் கட்சியைச் சேர்ந்த எய்ட்கனின் தாக்குதலும் அதே ஆண்டில்தான்.

ஆட்சி மாறியது. 1997 மே மாதம் தொழிற்கட்சி வென்றது. ஏழே மாதத்தில் அவர்களும் அதே வாசலில் வந்து நின்றார்கள். தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கான கூடுதல் உதவித்தொகையை வெட்டும் திட்டத்தைப் பற்றி, சமூகப் பாதுகாப்பு அமைச்சர் ஹாரியட் ஹார்மனை ஹம்ப்ரிஸ் டிசம்பரில் பேட்டி கண்டார். முந்தைய பழமைவாதக் கட்சி அரசு விட்டுச்சென்ற திட்டம் அது. 47 தொழிற்கட்சி உறுப்பினர்கள் தங்கள் அரசை எதிர்த்து வாக்களித்தார்கள். ஹார்மன் பேட்டியில் மிகவும் திணறினார். உடனே கட்சியின் ஊடகப் பொறுப்பாளர் டேவிட் ஹில், 'டுடே' ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். "ஜான் ஹம்ப்ரிஸ் பிரச்சினை" இன்றைய பேட்டியோடு புதிய அளவை எட்டிவிட்டது, இனி அமைச்சர்களை அனுப்பும் விஷயத்தில் ஒத்துழைப்பை நிறுத்திவைப்பது பற்றி ஆழ்ந்து யோசிக்கிறோம் என்பது அதன் சாரம். கடிதம் வெளியே வந்து பெரிய செய்தியானது.

இங்கே பிபிசி வட்டாரத்திலும் நாளிதழ்களிலும் ஒரு வாதம் எழுந்தது. இரண்டு கட்சியும் திட்டுகின்றன என்றால் அவர் நடுநிலையாக இருக்கிறார் என்பதுதானே பொருள்? கேட்பதற்கு நன்றாக இருக்கும் வாதம் இது. ஆனால் பலவீனமானது. இரண்டு கட்சிகளும் ஒரே குறையைச் சொன்னால், அந்தக் குறை உண்மையிலேயே இருக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். நடுநிலை வேறு, பேட்டி எடுக்கும் முறை வேறு. ஒருவர் எல்லாக் கட்சியினரையும் ஒரே அளவில் பேச விடாமல் இருக்க முடியும். அப்போது அவர் பாரபட்சமற்றவர்தான், ஆனால் நேயருக்கு எந்தக் கட்சியின் கொள்கையும் விளங்கியிருக்காது. "பாரபட்சம் இல்லை" என்ற பதிலை "பேச விடுங்கள்" என்ற முறையீட்டுக்குக் கொடுத்தது, கேட்காத கேள்விக்குச் சொன்ன பதில். நேயர்களை இது மேலும் எரிச்சல்படுத்தியதில் நியாயம் இருக்கிறது.

அரசியல்வாதியின் முறையீட்டையும் நேயரின் முறையீட்டையும் பிரித்துப் பார்ப்பதும் அவசியம். அமைச்சருக்குத் தேவை, தயாரித்து வந்த நான்கு வாக்கியங்களைத் தடையில்லாமல் சொல்லிவிட்டுப் போவது. நேயருக்குத் தேவை அதுவல்ல. உதவித்தொகை வெட்டப்படப்போகும் ஒரு தாய் அந்தக் காலையில் வானொலியைக் கேட்டிருந்தால், எப்போதிலிருந்து, யாருக்கு, எவ்வளவு குறையும் என்பதைத்தான் தெரிந்துகொள்ள விரும்பியிருப்பார். அமைச்சரின் தடையற்ற உரை அதைச் சொல்லாது. பேட்டியாளரின் தொடர்ச்சியான இடைமறிப்பும் அதைச் சொல்ல விடாது.

காதுக்குள் நடப்பது

இந்த முறையீடு தொலைக்காட்சியைவிட வானொலியில் ஏன் இவ்வளவு கூர்மையாக எழுகிறது என்பது எனக்கு நெடுநாளாக ஆர்வமூட்டும் விஷயம். கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

தொலைக்காட்சியில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் யார் உதடு அசைகிறது என்று கண் சொல்லிவிடும். ஒரே அறையில் இருந்தால், குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுகளும் சேர்ந்து கண்டுபிடித்து, வேண்டாத குரலை மனம் ஒதுக்கிவிடும். கூட்டத்தின் இரைச்சலில் ஒரு குரலை மட்டும் பின்தொடரும் இந்தத் திறனை 1953இல் கொலின் செர்ரி சோதனைகளில் காட்டினார். சமையலறையில் இருக்கும் ஒற்றை ஒலிபெருக்கி வானொலியில் இந்த இரண்டு உதவியும் இல்லை. இரண்டு குரலும் ஒரே புள்ளியிலிருந்து வருகின்றன. இருவரும் நடுத்தர வயது ஆண்கள் என்றால், குரலின் தன்மையும் ஏறக்குறைய ஒன்றுதான். செவித்திறன் குறைந்த முதியவருக்கு, காரில் இயந்திர ஒலியோடு கேட்பவருக்கு, அந்த மூன்று விநாடிகள் வெறும் இரைச்சல். அவர் இழப்பது அமைச்சரின் வாக்கியம் மட்டுமல்ல, குறுக்கிட்டவரின் கேள்வியும் போய்விடுகிறது. ஆகவே "ஒன்றுமே கேட்கவில்லை" என்று நேயர் எழுதும்போது அது ஒழுக்கம் பற்றிய குறையே அன்று. உடல் சார்ந்த, நேரடியான குறை.

அடுத்தது, பேச்சு கைமாறும் வேகம். உலகின் 10 மொழிகளில் இயல்பான உரையாடலை அளந்த 2009ஆம் ஆண்டு ஆய்வொன்று, ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி பெரும்பாலும் கால் விநாடி அளவே என்று காட்டியது. ஒருவர் முடிக்கப்போகிறார் என்பதை அவர் குரலின் இறக்கத்திலிருந்து முன்கூட்டியே ஊகித்துத்தான் நாம் எல்லோரும் பேசுகிறோம். அமைச்சர் நாடாளுமன்றத்துக்கு அருகில் மில்பேங்கில் உள்ள சிறிய ஒலிப்பதிவு அறையிலோ, வீட்டு வாசலில் நிற்கும் வானொலி வண்டியிலோ இருக்கிறார், ஹம்ப்ரிஸ் வேறிடத்தில். முகம் பார்க்க முடியாது. இணைப்பில் சிறு தாமதமும் உண்டு. செயற்கைக்கோள் வழி என்றால் ஒரு பக்கப் பயணமே கால் விநாடி. இயல்பான இடைவெளி முழுவதையும் இணைப்பே விழுங்கிவிடுகிறது. நேயர் குறுக்கீடாகக் கேட்கும் சில இடங்கள், இரண்டு பேரும் நல்லெண்ணத்தோடு மோதிக்கொண்ட இடங்கள்.

இதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. மார்கரெட் தாட்சரைப் பேட்டியாளர்கள் ஏன் இவ்வளவு அதிகமாக இடைமறிக்கிறார்கள் என்று ஜெஃப்ரி பீட்டி என்ற உளவியலாளர் ஆராய்ந்து, சக ஆய்வாளர்களோடு 1982இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். தாட்சரின் தொலைக்காட்சிப் பேட்டியிலிருந்து சிறு துண்டுகளை வெட்டிப் பொதுமக்களிடம் காட்டி, அவர் பேசி முடித்துவிட்டாரா என்று கேட்டார்கள். இடைமறிக்கப்பட்ட இடங்களில் பார்வையாளர்களும் "முடித்துவிட்டார்" என்றே தவறாகக் கணித்தார்கள். வாக்கியத்தின் நடுவிலேயே அவர் குரல் வேகமாக இறங்கியது; முடிவின் அடையாளத்தை முடிவுக்கு முன்பே கொடுத்துவிட்டார். பேட்டியாளர் அந்த அடையாளத்தை நம்பி நுழைந்தார். பார்ப்பவருக்கு அது அநாகரிகமாகத் தெரிந்தது.

ஆகவே 32 என்ற எண்ணுக்குள் என்னென்ன இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். சில, இப்படித் தவறிய கணிப்புகளாக இருந்திருக்கலாம். சில, "எவ்வளவு?" "எப்போது?" போன்ற ஒற்றைச் சொல் கேள்விகள், அவை பேச்சை உடைப்பதில்லை, நேராக்குகின்றன. மீதி, பதில் தொடங்கிய நொடியிலேயே அதன் மேல் போட்ட மறுப்புகள். இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எண்ணினால் எதுவும் தெளிவாகாது.

தட்டின் மறுபக்கமும் இருக்கிறது. 1987 தேர்தல் காலத்தில் தாட்சரும் எதிர்க்கட்சித் தலைவர் நீல் கினொக்கும் கொடுத்த எட்டுத் தொலைக்காட்சிப் பேட்டிகளை பீட்டர் புல், கேட் மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் கேள்வி கேள்வியாகப் பிரித்துப் பார்த்தார்கள். தாட்சர் 37 சதவீதக் கேள்விகளுக்கும் கினொக் 39 சதவீதக் கேள்விகளுக்கும்தான் பதில் சொல்லியிருந்தார்கள். பத்துக் கேள்விக்கு நான்கு பதில்கூடத் தேறவில்லை. நேரலையில் பத்து நிமிடம், 8.25க்கு விளையாட்டுச் செய்தி வந்தே தீரும். பதில் சொல்லாமல் நீளமாகப் பேசினாலே வெற்றி என்று தெரிந்த ஒருவர் எதிரே இருக்கும்போது, கைகட்டிக் கேட்டுக்கொண்டிருப்பது நேயருக்குச் செய்யும் துரோகம். ஹம்ப்ரிஸின் இடைமறிப்புக்கு இருந்த நியாயம் முழுவதும் இந்தப் புள்ளிவிவரத்தில் இருக்கிறது.

2012 நவம்பர் 10, சனிக்கிழமை

இந்த ஆய்வின் மையம் என்று நான் கருதும் பேட்டி இதுதான். பேட்டி கொடுத்தவர் ஹம்ப்ரிஸின் சொந்த நிறுவனத்தின் தலைவர்.

ஜார்ஜ் என்ட்விசில் 2012 செப்டம்பர் 17 அன்று பிபிசியின் தலைமை இயக்குநரானார். இரண்டே வாரத்தில், இறந்துபோன தொலைக்காட்சி நட்சத்திரம் ஜிம்மி சாவில் சிறார் மீது நிகழ்த்திய பாலியல் கொடுமைகள் வெளிவந்தன. பிபிசியின் தொலைக்காட்சிச் செய்தி நிகழ்ச்சியான 'நியூஸ்நைட்' அது பற்றிய தன் விசாரணையை முன்பே கைவிட்டிருந்ததும் தெரியவந்தது. அந்தக் காயம் ஆறுவதற்குள், நவம்பர் 2 அன்று அதே 'நியூஸ்நைட்', வேல்ஸில் ஒரு சிறார் காப்பகத்தில் நடந்த கொடுமையில் தாட்சர் காலத்து மூத்த அரசியல்வாதி ஒருவருக்குத் தொடர்பு இருப்பதாகப் பெயர் சொல்லாமல் ஒளிபரப்பியது. இணையத்தில் மக்கள் மெக்கால்பைன் பிரபுவின் பெயரைச் சொன்னார்கள். அது தவறு. அடையாளம் மாறிப்போயிருக்கிறது என்று நவம்பர் 9 அன்று தெளிவானது. அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. பிபிசி பின்னர் அவருக்கு 1,85,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது.

மறுநாள் காலை என்ட்விசில் 'டுடே' அறைக்கு வந்தார். ஹம்ப்ரிஸ் கேட்ட கேள்விகள் வியக்கத்தக்க அளவுக்கு எளியவை. இப்படி ஒரு நிகழ்ச்சி வரப்போவது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஒளிபரப்பாவதற்கு முன்பே அது பற்றி ட்விட்டரில் பேச்சு எழுந்ததே, யாரும் சொல்லவில்லையா? சொல்லவில்லை. ஒளிபரப்பான இரவு பார்த்தீர்களா? இல்லை, வெளியே இருந்தேன். அடையாளம் மாறியதை நேற்று நாளிதழ் எழுதியதே, படித்தீர்களா? இல்லை.

இது சாரம்தான்; சொல்லுக்குச் சொல் இல்லை. ஆனால் வடிவம் இதுதான். ஒவ்வொரு கேள்வியும் ஒரு தகவலைக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் "ஆம்", "இல்லை" என்றோ ஒரு நேரத்தையோ இடத்தையோ சொல்லியோதான் பதில் கொடுக்க முடியும். கேள்விக்குள் தீர்ப்பு இல்லை. "நீங்கள் தகுதியற்றவர்" என்று ஹம்ப்ரிஸ் தொடங்கியிருந்தால், என்ட்விசில் தன் தகுதியை விளக்கி ஐந்து நிமிடம் பேசியிருப்பார். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பேசியிருப்பார்கள். நேயர் வானொலியை அணைத்திருப்பார். அதற்குப் பதிலாக, ஒரு நிறுவனத் தலைவருக்குத் தன் வீட்டில் நடப்பது எதுவுமே தெரியவில்லை என்பதை, அவர் வாயாலேயே, வரிசையாக, நாடு கேட்டது. கடைசியில் பதவி விலகுவது பற்றிய கேள்வி வந்தபோது, நேயர்கள் அந்தக் கேள்வியைத் தங்களுக்குள் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தார்கள்.

அன்று இரவு 9 மணியளவில் என்ட்விசில் பதவி விலகினார். 54 நாட்கள்.

ஹம்ப்ரிஸ் அன்று இடைமறிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். இடைமறித்தார், நம்பமுடியாமல் திரும்பக் கேட்டார், கடுமையாகவே இருந்தார். என்ட்விசில் பட்ட வேதனையைக் கேட்டு மனம் இளகியவர்களும் இருந்தார்கள், அவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் அந்தப் பேட்டி கடுமைக்காக நினைவுகூரப்படுவதில்லை. வெளிவந்த பதில்களுக்காக நினைவுகூரப்படுகிறது. அதே மனிதர், அதே குரல், அதே விடாப்பிடி. 1995இல் 32 குறுக்கீடு என்று நினைவில் நின்றது. 2012இல் நான்கு "இல்லை"கள் நின்றன. வேறுபாடு கேள்வியின் வடிவத்தில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு, நானே அமைத்தது. உதவித்தொகை வெட்டைப் பற்றி ஓர் அமைச்சரிடம் இப்படிக் கேட்கலாம்: "உங்கள் கட்சிக்காரர்களே இதை அநியாயம் என்கிறார்கள், ஏழைகளுக்காகப் பேசித்தான் ஆட்சிக்கு வந்தீர்கள், இப்போது அவர்களையே கைவிட்டுவிட்டீர்களே, உங்களுக்கு உறுத்தவில்லையா?" இதில் கேள்வி எது? அமைச்சர் நான்கு குற்றச்சாட்டில் தனக்கு வசதியான ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசுவார். பேட்டியாளர் "நான் கேட்டது அதுவல்ல" என்று குறுக்கிடுவார். குறுக்கீட்டுக்கான விதையைப் பேட்டியாளரே கேள்விக்குள் போட்டுவிட்டார். "அடுத்த ஏப்ரலில் இரண்டு பிள்ளைகள் உள்ள ஒரு தாயின் கைக்கு வாரம் எவ்வளவு குறையும்?" என்று கேட்டால் தப்பிக்கும் வழி குறைவு. அமைச்சர் தப்பித்தால், இரண்டாம் முறை அதையே கேட்கும்போது நேயர் பேட்டியாளரின் பக்கம் நிற்பார். மூன்றாம் முறை கேட்டாலும் நிற்பார்.

'டுடே'யின் இன்னொரு தூணான ஜேம்ஸ் நாட்டி மீது நேயர்கள் சொன்ன குறை, பார்வைக்கு நேர் எதிரானது: அவர் கேள்விகள் மிக நீளம், கேள்வி எப்போது முடியும் என்று பதில் சொல்பவரும் கேட்பவரும் காத்திருக்க வேண்டியிருக்கிறது. நாட்டி இனிமையான, பண்பட்ட பேச்சாளர். யாரையும் அவமதிப்பவர் அல்லர். ஆனாலும் கோபம் வந்தது. மரியாதைதான் பிரச்சினை என்றால் நாட்டி மீது ஒருவரும் குறை சொல்லியிருக்கக் கூடாது. இருவர் மீதும் சொன்ன குறை ஒன்றுதான்: பேட்டியின் நேரத்தைப் பேட்டியாளர் எடுத்துக்கொள்கிறார்.

நிறுவனம் என்ன செய்தது

பிபிசியின் ஆசிரியக் கொள்கை, பேட்டிகள் துருவிக் கேட்பவையாகவும் அதேசமயம் நாகரிகமாகவும் இருக்க வேண்டும் என்று நெடுங்காலமாகச் சொல்கிறது. வானொலி 4இல் நேயர்களின் குறைகளை ஒலிபரப்பவே 1979 முதல் 'ஃபீட்பேக்' என்ற நிகழ்ச்சி இருக்கிறது. அதில் நேயர் பேசுவார், சம்பந்தப்பட்ட ஆசிரியர் வந்து விளக்கம் சொல்வார். நல்ல ஏற்பாடு, நம் வானொலிகளிலும் தொலைக்காட்சிகளிலும் இப்படி ஒன்று இல்லையே என்று ஏங்க வைப்பது. ஆனால் குறுக்கே பேசுவது பற்றிய முறையீட்டுக்கு, பதவியில் இருப்பவர்களைப் பதில் சொல்ல வைப்பது எங்கள் கடமை என்பதுபோன்ற விளக்கம் வரும்போது அது ஒரு கதவை மூடுவதுபோல இருக்கிறது. கடமையை எந்த நேயரும் மறுக்கவில்லை. அந்தக் கடமை இந்தப் பேட்டியில், இந்தக் கேள்வியில் நிறைவேறியதா என்பதே அவர்கள் கேட்பது.

ஆசிரியர் குழு ஒவ்வொரு வாரமும் ஒரு தலைப்பேட்டியை எடுத்து எழுத்தாக்கி, எத்தனை கேள்வி கேட்கப்பட்டது, எத்தனைக்குப் பதில் வந்தது, பதில் வராதபோது அதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டதா அல்லது வேறொன்றுக்குத் தாவியதா என்று பார்க்கலாம். புல்லும் மேயரும் 1987 பேட்டிகளுக்குச் செய்ததை ஒரு செய்தி அறை தனக்கே செய்துகொள்வதுதான் இது. எய்ட்கனின் 32க்கு அருகில் வைத்துப் பார்க்க அப்படி ஓர் எண் இருந்திருந்தால், 1995இன் விவாதம் வேறு திசையில் போயிருக்கும்.

ஹம்ப்ரிஸ் 2019 செப்டம்பர் 19 அன்று விடைபெற்றார். கடைசி நாளில் டேவிட் கேமரனையும் டோனி பிளேரையும் பேட்டி கண்டார்; இரு கட்சிகளின் இரு முன்னாள் பிரதமர்கள். அந்த டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு போரிஸ் ஜான்சன் அரசு தன் அமைச்சர்களை 'டுடே'க்கு அனுப்புவதையே நிறுத்தியது. டேவிட் ஹில் 1997இல் கடிதத்தில் மிரட்டியதை இவர்கள் செய்து காட்டினார்கள். 2020 மார்ச்சில் கொரோனா வந்து, மக்களிடம் பேச வேண்டிய கட்டாயம் ஏற்பட்ட பிறகே திரும்பினார்கள். குறுக்கே பேசாமல் இருந்தால் அமைச்சர்கள் வருவார்கள், பேசினால் வரமாட்டார்கள் என்ற பேரம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு அந்த மாதங்கள் சாட்சி.

2021 அக்டோபர் 5 அன்று மான்செஸ்டரில் கட்சி மாநாட்டின்போது ஜான்சன் நீண்ட காலத்துக்குப் பிறகு 'டுடே'யில் பேசினார். அவர் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போக, தொகுப்பாளர் நிக் ராபின்சன், "பிரதமரே, பேசுவதை நிறுத்துங்கள்" என்று சொன்னார். இங்கே கேள்வியும் பதிலும்தான் நடக்கும் என்றார். நேயர்கள் மீண்டும் இரண்டாகப் பிரிந்தார்கள். பிரதமரிடம் பேசும் பேச்சா இது என்று ஒரு பக்கம், யாராவது சொன்னார்களே என்று மறுபக்கம். நான் ராபின்சன் பக்கம். அவர் சொன்ன தொனிக்காக இல்லை. ஒருவர் மேல் ஒருவராக இரண்டு நிமிடம் பேசி நேயரின் காதை வதைப்பதற்குப் பதிலாக, இருவருக்கும் நாட்டுக்கும் கேட்கும்படி, ஒரே வாக்கியத்தில், தெளிவாக நிறுத்தினார். அதன்பிறகு அவர் கேட்கும் கேள்வி ஒற்றை வரியில் இருந்து, அதற்குப் பதில் வரும் வரை அவர் வாய் திறக்காமல் இருக்க வேண்டும் என்பதே அந்தக் காலை வானொலி முன் அமர்ந்திருந்தவர்களின் உரிமை.